நிலைக்கதவு எந்த ஊர் மரம் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரில் வீடு கட்டும் தமிழ்க் குடும்பங்கள் டைல்ஸுக்கு நாலு கடை ஏறி இறங்குவார்கள், கம்பி விலைக்குப் பேரம் பேசுவார்கள். தலைவாசல் நிலைக்கு மட்டும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நாள் குறித்து, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, அடியில் நவதானியமும் காசும் போட்டு நிறுத்துகிறோம். அத்தனை மரியாதை பெறும் அந்த மரம் எந்த நாட்டில், யார் நிலத்தில் நின்றது என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. மரவாடி தரும் பில்லில் 'டீக் உட், 42 சி.எஃப்.டி.', அதாவது 42 கன அடி தேக்கு, என்று ஒரே வரி இருக்கும். மற்றதெல்லாம் 'பர்மா தேக்கு சார், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க' என்ற வாய்மொழிதான். மர அறுவை, மரவேலை, கட்டட ஒப்பந்தம் ஆகிய தொழில்களில் இருக்கும் நாங்கள் அந்த ஒற்றை வரி போதாது என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

பர்மா தேக்கிலிருந்தே தொடங்கலாம். பர்மா, அதாவது இன்றைய மியன்மர், 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அறுத்த சைஸ் மரமும் வெனீர் எனும் மெல்லிய மரத்தாளும்தான் அங்கிருந்து சட்டப்படி வெளியே வர முடியும். ஆகவே பட்டையும், அதன் உள்ளே வெளிறிய வெளிவட்ட மரமான வெள்ளையும் ஒட்டிக்கொண்டிருக்கும் முழு உருட்டைக் காட்டி 'பர்மா' என்று ஒருவர் சொன்னால், அது பத்து வருடத்துக்கு மேல் வாடியில் கிடக்கும் பழைய சரக்காக இருக்க வேண்டும், அல்லது தடையை மீறி வந்திருக்க வேண்டும், அல்லது பர்மா மரமே இல்லை. பெரும்பாலும் மூன்றாவதுதான் என்பது எங்கள் கணிப்பு.

சைஸ் மரமாக வந்தாலும் கேள்வி தீர்வதில்லை. மியன்மரில் தேக்கை வெட்டி விற்பது மியன்மா டிம்பர் எண்டர்பிரைஸ் என்ற அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் அந்த நிறுவனத்தின் வருமானம் ராணுவ ஆட்சிக்குப் போகிறது. இதைக் காரணம் காட்டி அமெரிக்கா 2021 ஏப்ரலிலும் ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு ஜூனிலும் அதன்மீது தடை விதித்தன. இந்தியா விதிக்கவில்லை. இங்கே அந்த மரத்தை வாங்குவது குற்றமில்லை. ஆனால் 1960களில் பர்மாவில் கடையையும் நிலத்தையும் பறிகொடுத்துவிட்டுக் கப்பலேறித் திரும்பிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இந்த ஊரில் வீடு கட்டுகிறார்கள். அந்த நாட்டில் ராணுவ ஆட்சி என்றால் என்ன என்பதை அவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. சட்டம் தடுக்கவில்லை என்பதும், அந்தக் காசு யார் கைக்குப் போகிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள்.

இன்று பெங்களூருக்கு வரும் இறக்குமதித் தேக்கில் பெரும்பகுதி நட்டு வளர்த்த தேக்கு. கானா, பெனின், டான்சானியா, ஈக்வடார், கோஸ்டா ரிக்கா, பனாமா, பிரேசில் என்று பல நாடுகளிலிருந்து தூத்துக்குடி, காண்ட்லா போன்ற துறைமுகங்களில் இறங்குகிறது. சுற்றளவு குறைவு, வெள்ளை அதிகம், முடிச்சு அதிகம். அதற்காக அது மட்டமான மரம் என்று ஆகிவிடாது. வெள்ளையைக் கழித்து, நடுவில் இருக்கும் கெட்டியான வைரப் பகுதியை மட்டும் எடுத்து, நன்றாக உலர்த்தினால் நிலைக்கும் கதவுக்கும் தாராளமாகப் போதும். தோட்டத்தில் நட்டு வெட்டிய தேக்கு இயற்கைக் காட்டை அழித்து வந்த மரத்தைவிடப் பல மடங்கு நல்லது. வருத்தம் என்னவென்றால், அதை அதன் சொந்தப் பெயரில் விற்க யாருக்கும் மனமில்லை. 'ஈக்வடார்' என்றால் வாங்குபவர் முகம் சுளிக்கிறார் என்று பர்மா பெயர் வைக்கிறார்கள். நேர்மையாக வந்த மரத்துக்கும் இப்படிப் பொய்ப் பெயர் ஒட்டுவதால்தான் கள்ள மரம் அதே கூட்டத்தில் கலந்து போய்விடுகிறது.

ஆப்பிரிக்கத் தேக்கிலும் ஒன்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். தென் சூடானில் பிரிட்டிஷார் காலத்தில் நட்ட பழைய தேக்குத் தோட்டங்கள் இருக்கின்றன. 2013 டிசம்பரில் தொடங்கிய உள்நாட்டுப் போரின் நடுவிலும் அந்த மரம் லாரியேறி உகாண்டா வழியாகக் கென்யாவின் மொம்பாசா துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தது. வழியில் நாடு மாறும்போது காகிதத்திலும் நாடு மாறிவிடுவது எளிது. 'உகாண்டா தேக்கு', 'கென்யா தேக்கு' என்று சொன்னால் அது ஏற்றிய துறைமுகமா, வெட்டிய நாடா என்று கட்டாயம் கேளுங்கள்.

தேக்கு என்ற சொல்லே ஒரு பொறி. 'ஆப்பிரிக்கன் டீக்' என்ற பெயரில் இரோகோ என்ற மரமும் விற்கிறது, அஃப்ரோமோசியா என்ற மரமும் விற்கிறது. இரண்டும் தேக்கு இல்லை. அஃப்ரோமோசியா 1992 முதல் சைட்டிஸ் எனப்படும் உலக வன உயிரின வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதி அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. 'பிரேசிலியன் டீக்' என்பது குமாரு என்ற வேறு மரம். கதவுக்குப் பிரபலமாகிவரும் ஆப்பிரிக்கப் படாக், 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டின் முடிவுப்படி அதே இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. காயா எனும் ஆப்பிரிக்க மகாகனியும் அஃப்சீலியாவும் அதே மாநாட்டில் சேர்ந்தவை. இவை விற்பனைக்குத் தடை செய்யப்பட்ட மரங்கள் என்று பொருள் இல்லை. ஒவ்வொரு சரக்குக்கும் அனுமதி எண் இருக்க வேண்டும் என்றுதான் பொருள். படாக் கதவு விற்பவரிடம் சைட்டிஸ் அனுமதி நகல் கேட்டால் 'அதெல்லாம் எதுக்குங்க' என்ற பதில் வரக்கூடாது.

இதனால்தான் பில்லில் தாவரவியல் பெயர் வேண்டும் என்கிறோம். தேக்கு என்றால் டெக்டோனா கிராண்டிஸ். இந்த இரண்டு சொற்களை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் இரோகோவைத் தேக்கு என்று யாரும் தள்ளிவிட முடியாது.

மரத்தைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ் ஒன்று போதும். மரத்தின் பக்கவாட்டைப் பார்க்காதீர்கள். குறுக்கே வெட்டிய முனையைப் பாருங்கள். ரம்பம் அறுத்த முனையில் ஒன்றும் தெரியாது, நார் நசுங்கிக் கிடக்கும். புது பிளேடால் ஒரு விரல் நக அளவு இடத்தை மெல்லியதாகச் சீவி, ஈரவிரலால் தடவிவிட்டுப் பாருங்கள். தேக்கில் ஒவ்வொரு வருட வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசையாக, மணி கோத்ததுபோல் நிற்கும்; வளையத்தின் உள்ளே போகப் போகத் துளைகள் சிறுத்துவிடும். இரோகோவில் அந்த வரிசை இருக்காது. துளைகள் எங்கும் சிதறி, ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய சிறகுபோல ஒரு திட்டு தெரியும். ஆசாரிகளுக்கு இன்னொரு அடையாளமும் தெரியும்: இரோகோவுக்குள் சில இடங்களில் சுண்ணாம்புக் கல்போல் கெட்டிப் படிவு இருக்கும்; இழைப்புளி அதில் பட்டால் முனை போய்விடும். தேக்கு இழைத்தால் எண்ணெய்ப் பிசுக்கும் பதனிட்ட தோலின் வாசனையும் வரும். பாலிஷ் போட்ட மரத்தில் இவை எதுவும் தெரியாது. வால்நட் கலர் பூசி வெள்ளையை வைரமாகக் காட்டுவது மிகப் பழைய வேலை. ஆகையால் பாலிஷுக்கு முன்பே பார்க்க வேண்டும், மறைவான மூலையில் ஒரு சில்லு எடுத்துப் பார்க்க வேண்டும்.

சந்தேகம் தீரவில்லை என்றால், நம் ஊரிலேயே, மல்லேஸ்வரம் 18ஆவது கிராஸில் மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. கைக்கு அடங்கும் ஒரு கட்டையைக் கொடுத்தால் என்ன மரம் என்று பரிசோதித்து எழுத்தில் தருவார்கள். பல லட்சத்துக்கு மரம் வாங்குபவர்கள்கூட இந்த வாசலை மிதிப்பதில்லை என்பது எங்களுக்குப் பெரிய குறை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். லென்ஸும் இந்தப் பரிசோதனையும் மரத்தின் இனத்தைச் சொல்லும், நாட்டைச் சொல்லாது. மியன்மர்த் தேக்கும் கானா தேக்கும் ஒரே இனம். நாட்டைக் காகிதம்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் காகித விஷயத்தில்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். 'எல்லா சர்ட்டிபிகேட்டும் இருக்கு' என்று கடைக்காரர் ஒரு காகிதக் கட்டை நீட்டுவார். மேலே இருப்பது பெரும்பாலும் பைட்டோசானிடரி சான்று. முத்திரை, கையெழுத்து, வெளிநாட்டு அரசின் பெயர் எல்லாம் இருக்கும். ஆனால் அது சொல்வது ஒன்றே ஒன்று: இந்த மரத்தில் பூச்சியோ நோயோ இல்லை. திருடி வெட்டிய மரத்துக்கும் பூச்சி இல்லை என்று சான்று வாங்கலாம். அடுத்த தாள் புகையூட்டிய சான்று, அதுவும் பூச்சிக்குத்தான். பிளைவுட்டில் இருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பசையையும் பலத்தையும் பற்றியது. ஐ.எஸ். 303 என்றால் பொது உபயோகப் பலகை, ஐ.எஸ். 710 என்றால் மரைன் பலகை. மரம் எங்கே வெட்டப்பட்டது என்பதற்கும் அந்த எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஜி.எஸ்.டி. பில் வரி கட்டியதற்குச் சாட்சி, அவ்வளவுதான்.

கேட்க வேண்டிய தாள்கள் வேறு. இறக்குமதி மரம் என்றால் சுங்கத்தில் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரி நகல். அதில் சரக்கு எந்த நாட்டில் விளைந்தது, எந்த நாட்டிலிருந்து கப்பலேறியது என்று இரண்டு தனி இடங்கள் இருக்கும். இரண்டும் வேறு வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். 4403 என்று தொடங்கும் குறியீடு உருட்டு மரம், 4407 அறுத்த மரம், 4408 வெனீர், 4412 பிளைவுட். உருட்டு மரம் என்று காட்டும் குறியீட்டுக்கு எதிரே மியன்மர் என்று இருந்தால் 2014 தடையை நினைத்துக்கொள்ளுங்கள். விலையை மறைக்க விரும்பினால் அவர்கள் அந்தப் பகுதியைக் கறுப்பு மையால் அடித்துக் கொடுக்கட்டும். நமக்கு நாடும் அளவும் போதும்.

உள்நாட்டு மரத்துக்கு டிரான்சிட் பாஸ், அதாவது மரத்தை வண்டியில் கொண்டுபோவதற்கான அனுமதிச் சீட்டு. வனத்துறை டிப்போவில் ஏலம் எடுத்த மரம் என்றால் லாட் எண்ணும் ஏல ரசீதும் கூட இருக்கும், உருட்டின் முனையில் வனத்துறையின் சுத்தியல் முத்திரை அடித்திருக்கும். தண்டேலி டிப்போ தேக்கும் நிலம்பூர்த் தேக்கும் இப்படி வருபவை. பர்மா மோகத்தில் இவற்றைத் தாண்டிப் போவது எங்களுக்குப் புரியாத ஒன்று. மாநிலம் விட்டு மாநிலம் போக ஒரே பாஸ் என்ற தேசிய டிரான்சிட் பாஸ் முறை 2023 டிசம்பர் 29 முதல் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. அந்த பாஸில் கியூ.ஆர். குறி இருப்பதால் போனிலேயே சரிபார்க்கலாம். பாஸில் மூன்றைப் பாருங்கள்: தேதி, வண்டி எண், அளவு. ஒரே பாஸை வைத்து நாலு லோடு ஓட்டுவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் திருட்டு. போன வருடத்து பாஸைக் காட்டி இந்த மாதம் வந்த மரத்தை விற்றால், அந்த பாஸ் வேறு மரத்துக்கு உரியது.

அளவு என்று சொன்னதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கள்ள மரம் ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். உருட்டு மரத்தை ஹாப்பஸ் கணக்கில் அளப்பது நம் வழக்கம். சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. 36 அங்குலச் சுற்றளவு, 8 அடி நீளம் என்றால் 9 பெருக்கல் 9, அதாவது 81. 8ஆல் பெருக்கி 144ஆல் வகுத்தால் நாலரை கன அடி. ஆனால் அந்த உருட்டில் உண்மையில் இருப்பது சுமார் 5.7 கன அடி. வித்தியாசம் 27 சதவீதம். அறுவைக் கழிவுக்கு இடம் விட்டுப் பழைய காலத்தில் செய்த ஏற்பாடு அது. ஒரு தாளில் ஹாப்பஸ் கணக்கு, அடுத்த தாளில் முழுக் கன அளவு என்று மாற்றி மாற்றி எழுதினால், நூறு கன அடிக்கு இருபத்தேழு கன அடி காகிதமில்லாத மரம் உள்ளே நுழைந்துவிடும். கணக்கும் சரியாக இருப்பதுபோலவே தெரியும். ஆகவே எந்த அளவு என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். மெட்ரிக்கில் வந்தால் ஒரு கன மீட்டருக்கு 35.3 கன அடி.

அடுத்து அறுவையில் கிடைப்பது. மெல்லிய தோட்டத் தேக்கில் வெள்ளை கழித்து, சைஸ் மரமாகப் பாதி வந்தால் நல்ல அறுவை. மேலே சொன்ன 5.7 கன அடி உருட்டில் சுமார் 2.8 கன அடி சட்டம் கிடைக்கும். சாதாரண அறைக்கு 7 அடி உயரம், மூன்றரை அடி அகலம், 5 அங்குலத்துக்கு 3 அங்குலம் சட்டத்தில் நிலை செய்ய, கீழ்ப்படி இல்லாமல் பதினேழரை அடி நீளம், அதாவது 1.8 கன அடி வேண்டும். தலைவாசலுக்கு ஏழரை அடி உயரம், நாலடி அகலம், 6 அங்குலத்துக்கு 4 அங்குலம் சட்டம், வாசற்படியோடு என்றால் 23 அடி நீளம், 3.8 கன அடி. இழைப்புச் சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் 4.2. ஒரு தலைவாசலும் ஆறு அறை நிலையும் உள்ள வீட்டுக்கு நிலைகளுக்கு மட்டும், சேதாரத்தோடு, 16 கன அடியைத் தொடும். இந்தக் கணக்கை வீட்டுக்காரரே போட்டு வைத்துக்கொண்டால் இரண்டு லாபம். கூடுதல் மரம் பில்லில் ஏறாது. முழுக் கன அளவில் 32 கன அடி உருட்டுக்குக் குறைவான பாஸைக் காட்டி 16 கன அடி சைஸ் மரம் தர முயன்றால் உடனே பிடித்துவிடலாம்.

கேட்கும் நேரம் மிக முக்கியம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், மரம் மில்லில் ஏறுவதற்கு முன். உருட்டின் முனையில் இருக்கும் முத்திரையும் எண்ணும் அறுத்தவுடன் போய்விடும். இழைத்துவிட்டால் மிச்சமும் போய்விடும். அறுத்த மரத்துக்கு ஊர் கிடையாது. முனையைப் போனில் படம் எடுத்து, பாஸையும் அருகில் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தோடு சேர்த்து முழு ஒப்பந்தம் விடுபவர்கள் இதில் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். மர பில் கான்ட்ராக்டர் பெயரில் போய்விடும், வீட்டுக்காரர் கண்ணில் படாது. மர பில் நகலும் பாஸ் நகலும் தந்தால்தான் மரவேலைத் தவணை என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

இனி ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம், கன்னடத்தில் பீட்டே. பூஜை அறைக் கதவுக்கும் ஊஞ்சல் பலகைக்கும் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மிக மெதுவாக வளரும் மரம். அகலமான ஈட்டிப் பலகை என்றால் அது நிச்சயம் வயதான மரம். ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் ஏறக்குறைய முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2021இல் வெளிச்சத்துக்கு வந்த வயநாடு முட்டில் வழக்கை எண்ணிப் பாருங்கள். பட்டா நிலத்து மரத்தை வெட்டலாம் என்ற அரசாணையைச் சாக்காக வைத்து, காலங்காலமாக அரசுக்கென்று ஒதுக்கிவைத்த ஈட்டி மரங்களைச் சாய்த்தார்கள். வயநாட்டிலிருந்து பெங்களூருக்கு ஒரு ராத்திரி லாரிப் பயணம்தான். புதிய ஈட்டி மரம் வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் முடிவான கருத்து. பழைய வீட்டு ஊஞ்சல் பலகை கிடைத்தால் வாங்குங்கள்.

மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்காவிட்டால் அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதைத் தமிழர்கள் செம்மரத்தில் பார்த்துவிட்டோம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 20 பேரும் திருவண்ணாமலை, தருமபுரி உள்ளிட்ட நம் மாவட்டங்களின் கூலித் தொழிலாளர்கள். மரத்தை வாங்கியவர்கள் யாரும் அந்தக் காட்டில் இல்லை. இன்று ஊரெல்லாம் கழுத்தில் தொங்கும் கருங்காலி மாலைக்கும் இதே கேள்வி உண்டு. கருங்காலி என்ற பெயரில் குறைந்தது இரண்டு வேறு மரங்கள் புழங்குகின்றன. எந்த மரம், யார் வெட்டியது என்று கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்?

பிளைவுட்டுக்கு வருவோம், ஏனென்றால் ஒரு ஃபிளாட்டில் கட்டை மரத்தைவிட அதுதான் அதிகம். 'ஃபுல் குர்ஜன்' என்று சொல்லி விற்கிறார்கள். குர்ஜன் தென்கிழக்கு ஆசியாவின் இயற்கைக் காட்டு மரம். முக்கியமாக மியன்மரிலிருந்து முகத்தாளாக வந்துகொண்டிருந்தது. மேலே ஒட்டும் அந்தச் சிவப்புத் தாள் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. பெரும்பாலான பலகையில் உள்ளே இருப்பது யூகலிப்டஸ், பாப்லர், சில்வர் ஓக் போன்ற நம் நாட்டுத் தோட்ட மரம்தான். சில பலகைகளில் வெளிறிய தாளுக்குச் சிவப்புச் சாயம் பூசி குர்ஜன் என்று ஒட்டுகிறார்கள். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாலோ ஓரத்தைச் சீவினாலோ தெரிந்துவிடும். நல்ல குர்ஜன் முகம் வழவழப்பாகவும் பலமாகவும் இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அலமாரிப் பலகையின் இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டி மூடப்போகிறோம். ஒருவர் கண்ணிலும் படாத தாளுக்காக ஏன் காட்டு மரம்? ஐ.எஸ். 710 முத்திரையோடு யூகலிப்டஸ் அல்லது மலைவேம்பு முகப் பலகை கேளுங்கள். ஒகுமே என்ற ஆப்பிரிக்க மரத்தின் முகம் கிடைத்தாலும் கேபன் நாட்டில் எந்த ஆலையில் இழைத்தது என்று விசாரியுங்கள். அந்த நாடு 2010இலேயே உருட்டு ஏற்றுமதியைத் தடை செய்து, மரத்தை உள்ளூரில் இழைத்தே அனுப்ப வேண்டும் என்று வைத்திருக்கிறது.

வடிவமைப்பாளர்கள் விரும்பும் பிர்ச் பிளைவுட்டில் வேறு சிக்கல். உக்ரைன் போருக்குப் பின், 2022 மார்ச்சில், முறையாகப் பராமரித்த காட்டு மரம் என்று சான்றளிக்கும் எஃப்.எஸ்.சி., பி.இ.எஃப்.சி. ஆகிய இரண்டு அமைப்புகளும் ரஷ்ய, பெலாரஸ் மரங்களைப் போர்ச் சூழலில் வரும் மரம் என்று ஒதுக்கிவிட்டன. அதன்பின் வெட்டிய ரஷ்ய பிர்ச்சில் எஃப்.எஸ்.சி. முத்திரை இருக்க வழியே இல்லை. இருந்தால் முத்திரை பொய், அல்லது நாடு பொய்.

எஃப்.எஸ்.சி. முத்திரையைப் படிக்கும் விதம் ஒன்று உண்டு. மரச் சின்னத்தின் கீழே சி என்ற எழுத்தோடு தொடங்கும் ஆறு இலக்க எண் இருக்கும். அதை எஃப்.எஸ்.சி.யின் பொதுத் தேடல் பக்கத்தில் போட்டால் உரிமம் யாருடையது, உயிரோடு இருக்கிறதா, எந்தப் பொருளுக்கு என்று வரும். 100 சதவீதம், மிக்ஸ், மறுசுழற்சி என்று மூன்று வகை. மிக்ஸ் என்றால் சான்று பெற்ற காட்டு மரத்தோடு மற்ற மரமும் கலந்தது. கடைச் சுவரில் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பது போதாது. உங்கள் பில்லில் அந்தப் பொருளுக்கு எதிரே எஃப்.எஸ்.சி. என்றும் கடையின் சங்கிலிச் சான்று (காட்டிலிருந்து கடை வரை மரம் கைமாறும் ஒவ்வொருவருக்கும் வேண்டிய சான்று) எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். நடுவில் ஒரு வியாபாரி சான்று இல்லாதவராக இருந்தாலும் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். மத்திய அரசு 2023 டிசம்பரில் இந்திய வன மற்றும் மரச் சான்றளிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. விவசாயி தோட்டத்து மரத்துக்கும் அதில் இடம் இருப்பது நல்ல செய்தி. அது கடை வரை வந்து சேர வேண்டும்.

காகிதம் தேடி அலுத்தவர்களுக்கு எங்கள் யோசனை எளிது: அருகில் வளர்ந்த மரத்தை வாங்குங்கள். குடகு, சிக்கமகளூரு காபித் தோட்டங்களில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் உள் அலமாரிக்கும் கட்டிலுக்கும் நல்ல மரம். விவசாயி நிலத்துத் தேக்கு, பலா, வேம்பு எல்லாம் நிலைக்கு ஏற்றவை. பலா பூஜை அறைக்கு அழகு. வருடம் போகப் போகப் பொன்னிறம் ஆழ்ந்துகொண்டே வரும். ரப்பர் மரம் கேரளத் தோட்டங்களில் பால் வற்றியபின் வெட்டுவது. போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி உலர்த்தியதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள், அதையும் வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். மழை படும் நிலைக்கு வைத்தால் அந்த மருந்து கரைந்து போய், மரம் உளுத்துவிடும். எந்த மரமானாலும் ஈரமானியில் 12 சதவீதத்துக்கு மேல் காட்டினால் கதவு செய்ய விடாதீர்கள். பிறகு கதவு கோணினால் 'நாட்டு மரம் இப்படித்தான்' என்று பழி மரத்தின்மேல் விழும். குற்றம் உலர்த்தாததில் இருக்கும்.

பழைய வீடு இடித்த மரமும் சிறந்த வழி. ஆணியை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடுங்க வேண்டும். ஒரு ஆணி விட்டுப்போனால் மில் பிளேடு போய்விடும். தட்டினால் மாவு கொட்டுகிற மரத்தை விட்டுவிடுங்கள். நாலு பக்கமும் சேர்த்து இழைப்பில் அரை அங்குலம் குறையும் என்று அளவெடுங்கள். இடித்த வீட்டின் முகவரியையும் இடிக்கும்முன் எடுத்த படத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வெட்டிய ஈட்டியையும் தேக்கையும் 'பழைய மரம்' என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. ஆணித் துளை இல்லாத, பொருத்துக்கூடு இல்லாத, ஓரம் மழுங்காத பழைய மரம் என்று ஒன்று கிடையாது.

கொட்டேஷன் வாங்கும்போது இந்த வரியைக் கையால் எழுதிக் கடைக்காரரிடம் கொடுங்கள்: 'தேக்கு, டெக்டோனா கிராண்டிஸ், வெட்டிய நாடு அல்லது மாவட்டம், இத்தனை கன அடி சைஸ் மரம், எந்த அளவுமுறை, டிரான்சிட் பாஸ் அல்லது பில் ஆஃப் என்ட்ரி எண், வெள்ளை நீக்கியது, ஈரம் 12 சதவீதத்துக்குள்.' நல்ல வியாபாரிக்கு இதை நிரப்பப் பத்து நிமிடம் போதும். 'இதெல்லாம் எழுத முடியாது' என்று சொன்னால் அடுத்த வாடிக்குப் போங்கள். மைசூரு ரோட்டில் வாடிகளுக்குப் பஞ்சமில்லை. தங்கள் நாளிதழ் கட்டுமானப் பொருள் விலைப் பட்டியல் வெளியிடும்போது மரத்துக்கு எதிரே விளைந்த நாடு என்று ஒரு கட்டம் சேர்த்தால், கடைகளும் அதை எழுதப் பழகிக்கொள்ளும் என்று நம்புகிறோம்.

இப்படிக்கு,
மர அறுவை, மரவேலை, கட்டடத் தொழில்களில் உள்ள வாசகர்கள் சிலர்,
மைசூரு ரோடு, பெங்களூரு.